ஹைட்ரஜனுக்கு ஒரே ஒரு கை

டெல்ஃபிதா கரேக்கா டீச்சருக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. தாரிஹாவில் பிறந்த பெண்ணுக்கு இது பெரிய குறை. நாங்கள் அரை கிலோ வெங்காயம் வாங்குவதற்கு முன்னால் கடைக்காரியின் மாமியாருக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது, ஆற்றில் தண்ணீர் வந்ததா, மூத்த மகன் அர்ஜென்டினாவிலிருந்து பேசினானா என்று எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வெங்காயத்துக்கு வருவோம். அதுவும் இழுத்து இழுத்து, பாட்டுப் பாடுகிற மாதிரி. தாரிஹாக்காரன் ஒருவன் ‘வீடு தீப்பிடித்துவிட்டது’ என்று சொல்லி முடிப்பதற்குள் வீடு எரிந்து சாம்பலாகியிருக்கும் என்று மலைமேல் இருக்கிற லா பாஸ் நகரத்துக்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். டீச்சரோ வகுப்புக்குள் நுழைந்து, குடையை மூலையில் சாத்திவிட்டு, ‘உட்காருங்க. சோடியம்’ என்று ஆரம்பித்துவிடுவார்.

சந்தைக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை மதியம் அந்த வகுப்பு நடக்கும். சின்ன வயதில் படிப்பை விட்ட பெண்கள் பள்ளிப் படிப்பை முடித்துக்கொள்வதற்கான வகுப்பு. எல்லோரும் சந்தைக்காரிகள், சலவைக்காரிகள், திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். மற்ற நாட்களில் குழந்தைகள் உட்காருகிற பெஞ்சில் நாங்கள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் மேசையில் இடிக்க உட்காருவோம். எனக்குப் பழக்கடை. பீச், திராட்சை, பருவம் தவறினால் சீமை அத்தி. பக்கத்துக் கடை ஒப்துலியா தெஹெரினாவுடையது, பாலாடைக்கட்டி விற்கிறாள். அவள் மகள் பள்ளி முடித்துவிட்டு அம்மாவின் எழுத்தைத் திருத்த ஆரம்பித்த நாளில் ஒப்துலியாவுக்கு ரோஷம் வந்து வகுப்பில் சேர்ந்தாள். தனியாக வர வெட்கப்பட்டு என்னையும் இழுத்து வந்தாள். அப்படித்தான் நான் வேதியியல் படித்தேன். எனக்குச் சுகாதார நிலையத்தில் உதவியாளர் வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை இருந்தது. அதற்குப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு வேதியியலில் தேற வேண்டும்.

டீச்சரின் அப்பா வேறொருவருடைய திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர். அந்த வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்த முதல் ஆள் இவர்தான். ஆசிரியர் பயிற்சி முடித்ததும் சாக்கோ என்கிற வறண்ட சமவெளியில் தூக்கிப் போட்டார்கள். அங்கே வெயில் மனுஷரைப் பொரித்து எடுக்கும். தகரக் கூரைப் பள்ளி. ஆய்வுக்கூடம் கிடையாது. ஊதா மக்காச்சோளத்தை வேகவைத்த தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் சிவப்பாகும், சமையல் சோடா போட்டால் பச்சையாகும். அதை வைத்தே அமிலமும் காரமும் நடத்தினாராம். இளமை முழுக்க அங்கே தனியாகப் போயிற்று. தண்ணீர் லாரி ஓட்டுகிற ஒருவர் இருந்தார் என்று ஊரில் பேச்சு உண்டு. நான் ஒருமுறை வாயை அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். “ஆவியாயிட்டான்” என்றார் டீச்சர், அவ்வளவுதான்.

ஊருக்கு மாற்றல் கிடைத்துத் திரும்பியபோது வேறு யாரும் தொட விரும்பாத சனிக்கிழமை வகுப்பை அவர் தலையில் கட்டினார்கள். அவருக்கு அதுவே பிடித்துப்போனது. களைப்புத் தெரியாமல் இருக்க மெல்லுகிற கோக்கா இலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, கூடவே ஒரு சிட்டிகை சமையல் சோடா வைத்துக்கொண்டு பாடம் நடத்துவார். சோடா வாயில் என்ன செய்கிறது என்பதையும் பாடமாகவே சொல்லிவிடுவார். எங்களைத் திட்டுவார், ஆனால் ஒருபோதும் ஏளனம் செய்ததில்லை. எங்கள் வயதில் பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்கு அவர்மேல் மனத்தாங்கல். கார்னிவல் திருவிழாவுக்கு முந்தைய வியாழக்கிழமை எங்களுக்குக் கொமாத்ரே நாள். ஒருத்தியை மனதுக்குப் பிடித்துப்போனால் அன்றைக்கு அவள் வீட்டுக்குக் கூடை அனுப்ப வேண்டும். நடுவில் கேக், சுற்றிலும் பீச், திராட்சை, பாலாடைக்கட்டி, ரொட்டி வளையங்கள், பூ, திருநீற்றுப்பச்சிலை, மேலே காகிதத் தோரணம். அவள் வாங்கிக்கொண்டால் அந்த நிமிஷம் முதல் இருவரும் கொமாத்ரே, கூடப் பிறந்தவளுக்கும் ஒரு படி மேல். அடுத்த வருஷம் அவள் கூடை அனுப்ப வேண்டும், வாங்கியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. இதை யாரும் எங்கேயும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் மீறியிருப்போமோ என்னவோ. டீச்சர் யாரிடமும் கூடை வாங்கியதே இல்லை. வருஷா வருஷம் யாராவது ஒருத்தி தூக்கிக்கொண்டு போவாள். ‘வேண்டாம்மா, நல்லா இருங்க’ என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார். சந்தைக்காரிகளோடு கொமாத்ரே ஆவதில் டீச்சருக்குக் கௌரவக் குறைச்சல் என்று ஒப்துலியா சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வருஷம் கார்னிவல் தள்ளி மார்ச்சில் வந்தது. வகுப்பில் அணுக்கள் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்ற பாடம். உப்பு எங்களுக்குச் சுலபமாகப் புரிந்தது. சோடியத்திடம் ஓர் எலக்ட்ரான் மிச்சம், குளோரினுக்கு ஒன்று குறைவு. இவன் கொடுத்தான், அவள் வாங்கினாள், கொடுத்த பிறகு ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு ஒரே இடத்தில் கிடக்கிறார்கள். எங்கள் ஊரில் பாதிக் கல்யாணம் அப்படித்தான் நடக்கிறது. அடுத்த சனிக்கிழமை சகப்பிணைப்பு வந்தது. இரண்டு ஹைட்ரஜன், ஆளுக்கு ஓர் எலக்ட்ரான், யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை, இரண்டையும் இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றார் டீச்சர். எங்களுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

“குடுத்தா குடுக்கணும், வச்சிக்கிட்டா வச்சிக்கணும் டீச்சர்” என்றாள் ஒப்துலியா. “குடுக்காமலே ரெண்டு பேருக்கும் சொந்தம்னா, அது எந்த ஊரு நியாயம்?”

டீச்சர் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். கரும்பலகையில் புள்ளி வைத்தார், வட்டம் போட்டார். பள்ளியின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது, அவர் சொன்னதில் பாதி காதிலேயே விழவில்லை. கடைசியில் களைத்துப்போய், நீங்களும் உங்கள் கொமாத்ரேயும் கூடை வைத்து ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள் இல்லையா, ஏறக்குறைய அந்த மாதிரி என்று சொல்லிவிட்டார். வகுப்பு முழுக்க முகம் மலர்ந்தது. அதன் பிறகு ஒருத்தியும் சந்தேகம் கேட்கவில்லை. அவரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

அடுத்த சனிக்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து இவார் அரமாயோ என்ற ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனுஷர், மரியாதை தெரிந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் என்று வேண்டுமானால் சொல்லலாம். வகுப்பை வாய்மொழியாகச் சோதித்தார். இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேரும்போது என்ன நடக்கிறது என்று கேட்டார். எங்களுக்குத் தெரிந்த விஷயம், விடுவோமா? ஆளுக்கு ஒரு பக்கமாகச் சொன்னோம். ஒரு ஹைட்ரஜன் இந்தக் கார்னிவலுக்கு எலக்ட்ரானை மற்றதுக்கு அனுப்பும், மற்றது அடுத்த கார்னிவலுக்குத் திருப்பி அனுப்பும் என்றாள் பட்காயா ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். வெறும் எலக்ட்ரானாக அனுப்பக் கூடாது, கூட ஏதாவது வைத்து அனுப்ப வேண்டும் என்று நான் திருத்தினேன். குளோரின் வசதியான வீடு, ஏற்கனவே ஏழு எலக்ட்ரான் வைத்திருக்கிறவள், அவளிடம் வாங்கினால் திருப்பிச் செய்வது கஷ்டம் என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி எச்சரித்தாள்.

அரமாயோ சார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். “அப்ப நடுவுல இருக்கிற வருஷம் முழுக்க, குடுத்தவ வெறுங்கையோட இருப்பாளா?” என்றார்.

“காத்திருப்பா சார்” என்றாள் ஒப்துலியா. “கொமாத்ரேன்னாலே ஒருத்தி காத்துக்கிட்டுத்தானே இருக்கணும்?”

டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. அரமாயோ சார் அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். கதவு திறந்திருந்ததால் எங்களுக்கு எல்லாம் கேட்டது. சனிக்கிழமை வகுப்பை மூடிவிடலாம் என்று அலுவலகத்தில் ஏற்கனவே பேச்சு இருக்கிறதாம். கார்னிவல் முடிந்து இன்னொரு தடவை வருவாராம். அப்போதும் இதே பதில் வந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள், டீச்சரைச் சாக்கோவுக்கே திருப்பி அனுப்புவார்கள், தன்னால் தடுக்க முடியாது என்றார். டீச்சர் சரி என்று மட்டும் சொன்னார்.

அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் அவரோடு வீடு வரை நடந்தேன். பாலத்தைத் தாண்டியதும், நான் கேட்காமலே அவருடைய அம்மாவைப் பற்றிச் சொன்னார். அம்மாவுக்கு உயிருக்கு உயிரான ஒரு கொமாத்ரே இருந்தாளாம். ஒரு வருஷம் அவளிடமிருந்து கூடை வந்தது. அடுத்த வருஷம் ஆலங்கட்டி மழை திராட்சையை அடித்துப் போட்டுவிட்டது. வீட்டில் அடுப்பெரியவே வழியில்லை, கூடைக்கு எங்கே போவது? அந்த வியாழக்கிழமை அம்மா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அதன் பிறகு சாகும்வரை அந்தக் கொமாத்ரேயின் வாசலைத் தாண்டிப் போகாமல், ஆற்றோரமாகச் சுற்றிப் போனாளாம். அந்தக் கொமாத்ரேயும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

“ஒருத்தி கைல இருந்தா இன்னொருத்தி கை காலி. அது பிணைப்பே இல்ல நின்ஃபா, கடன். எனக்குத் தெரிஞ்ச விஷயம் அது. தெரிஞ்சும் அதையே போய் உதாரணமாச் சொன்னேன் பாருங்க” என்றார். ஊர் முழுக்கக் கௌரவம் என்று பேசியதை நினைத்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கொமாத்ரே வியாழன் வந்தது. தெருவெல்லாம் பலூன், மேளம், தொப்பியில் ரோஜா செருகிய பெண்கள். எனக்கோ அன்றைக்குத்தான் பள்ளத்தாக்கிலிருந்து லாரியில் பழம் வந்தது. பெரிய நாணல் கூடை. இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒருத்தியால் தூக்க முடியாது. ஒப்துலியாவைக் கூப்பிட்டேன். ஆளுக்கு ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் இடித்துக்கொண்டு, வழக்கம்போலச் சண்டை போட்டுக்கொண்டு வந்தோம். அவள் என்னைவிட உயரம். கூடை எப்போதும் அவள் பக்கமாகவே சாயும், பழமெல்லாம் அந்தப் பக்கம் உருளும். இழுக்காதடி என்று நான் சொல்ல, குள்ளச்சியாகப் பிறந்தது யார் குற்றம் என்று அவள் கேட்க, எதிரே டீச்சர் வந்தார். திருவிழாக் கூட்டத்திலிருந்து தப்பித்து வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“கீழ வைக்காதீங்க” என்றார்.

“டீச்சர், கை போகுது” என்றாள் ஒப்துலியா.

“போகட்டும். கூடை யார் கைல இருக்கு?”

“பாத்தாத் தெரியலையா? என் கைலதான்.”

“நின்ஃபா, உங்க கைல?”

என் கையிலும்தான் என்றேன். டீச்சர் எங்களை நெருங்கி வரச் சொன்னார். வந்தோம், கூடை இருவர் முழங்காலிலும் இடித்து எங்களைத் தள்ளியது. விலகிப் போகச் சொன்னார். போனோம், கைப்பிடி முறுமுறுவென்று சத்தம் போட்டது, தோள் கழன்றுவிடும் போல இருந்தது. ரொம்ப நெருங்கவும் முடியாது, ரொம்ப விலகவும் முடியாது. நடுவில் ஓர் அளவில்தான் சுகமாக நடக்க முடியும். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். டீச்சர் அவனைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார், நிறுத்திவிட்டான். அவர் கன்னத்தில் கோக்கா இலை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போனது. நல்ல யோசனை வந்தால் அப்படித்தான் போகும்.

கார்னிவலுக்குப் பள்ளி மூடியிருந்ததால் வகுப்பு சந்தையிலேயே நடந்தது, என் கடைக்கும் ஒப்துலியா கடைக்கும் பின்னால். முதல் விதி, ஹைட்ரஜனுக்கு ஒரே ஒரு கை. மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். கூடைக்குள் ஆளுக்கு ஒரு பொருள் போட வேண்டும், அதுதான் அவளுடைய எலக்ட்ரான். போடாமல் கைப்பிடியைத் தொடக் கூடாது. நான் ஒரு பீச் போட்டேன், ஒப்துலியா ஒரு பாலாடைக்கட்டி போட்டாள். இருவரும் தூக்கினோம்.

“இப்ப நின்ஃபாவுக்கு எத்தனை?” என்று கேட்டார் டீச்சர். நான் ஒன்று என்றேன். இல்லை, இரண்டு என்றார். அப்படியானால் ஒப்துலியாவுக்கு? அவளுக்கும் இரண்டு. மொத்தமே இரண்டுதானே என்று கேட்டால், ஆமாம் என்கிறார். சந்தையில் இப்படிக் கணக்குச் சொன்னால் தராசைப் பிடுங்கித் தலையில் போடுவார்கள். எதிர்க்கடை இறைச்சிக்காரர் காதில் விழுந்து, அப்படியே எனக்கும் ரெண்டு கிலோவை நாலு கிலோவாக ஆக்கிக் கொடுங்கள் டீச்சர் என்றார். நாங்கள் சிரித்தோம், ஆனால் கூடையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது அது எனக்குப் புரிந்தது. அந்தக் கட்டி அவளுடையது இல்லை, அந்தப் பழம் என்னுடையது இல்லை. இரண்டும் எனக்கு இருந்தன. அவளுக்கும் இருந்தன. யாரும் யாருக்கும் எதுவும் பாக்கி இல்லை. இதை எழுதும்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஆக்சிஜனுக்கு இரண்டு கை. ஒரு கையில் ஒரு ஹைட்ரஜன், மறு கையில் இன்னொரு ஹைட்ரஜன், தண்ணீர். இரண்டு ஆக்சிஜன் சேர்ந்தால் நடுவில் இரண்டு கூடை. அப்போது மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது. ஒப்துலியா கூடையைத் தன் பக்கம் இழுப்பதைக் கண்டித்தேன். டீச்சர் அதை விட்டுவிடச் சொன்னார். சில அணுக்கள் அப்படித்தான், பகிர்ந்துகொண்டாலும் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், குளோரின் அந்த ஜாதி என்றார். அன்று முதல் சந்தையில் ஒப்துலியாவுக்குக் குளோரின் என்றே பெயர். கூடவே ஓர் எச்சரிக்கையும் சொன்னார். எலக்ட்ரான் பீச் பழம் மாதிரி ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்காது. கூடையில் வைத்த பச்சிலையின் வாசனை எங்கே இருக்கிறது என்று விரலால் காட்ட முடியுமா, இருவர் மூக்கிலும் இருக்கிறது இல்லையா, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள், உதாரணத்தை ரொம்ப நம்பாதீர்கள் என்றார். போன தடவை பட்ட அடி அப்படி.

கார்னிவல் முடிந்த சனிக்கிழமை அரமாயோ சார் வந்தார். நாங்கள் கூடைகளோடு பள்ளி முற்றத்தில் நின்றோம். டீச்சர் வாயே திறக்கக் கூடாது என்று ஆய்வாளர் சொல்லி, டீச்சரை வாசற்படியில் நிற்க வைத்தார். டீச்சர் சலவைத்துணி மாதிரி வெளுத்துப்போய் நின்றார். அன்றைக்குப் பார்த்து நெடுஞ்சாலையில் மறியல். பட்காயா பெண்ணின் பஸ் வரவில்லை. அவள்தான் ஒப்துலியாவுக்கு ஜோடி. ஒப்துலியா ஒரு கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு, கூடையின் மறுபக்கம் தரையில் இழுபட, ஓரமாக நின்றாள்.

நான் நடுவில் ஆக்சிஜனாக நின்றேன், இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். அரமாயோ சார் எங்களைச் சுற்றி வந்து, யார் கொடுக்கிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்று கேட்டார். யாரும் கொடுக்கவில்லை, யாரும் வாங்கவில்லை, ரெண்டு பேரும் பிடித்திருக்கிறோம் என்று சொன்னேன். சரியான பதில்தான். ஆனால் அவருக்குத் திருப்தி இல்லை.

“நல்லாத்தான் சொல்றீங்க” என்றார். “டான்ஸ் பழக்கின மாதிரி டீச்சர் பழக்கியிருக்காங்க. போன தடவை கூடையை நம்பினீங்க, இந்தத் தடவையும் கூடையைத்தான் நம்பறீங்க. புரிஞ்சு சொல்றீங்களான்னு நான் எப்படித் தெரிஞ்சிக்கறது?”

வகுப்பு போய்விட்டது என்றே நினைத்தேன். என் கையிலிருந்த இரண்டு கூடையும் கல்லாகக் கனத்தன. வாசற்படியில் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

அரமாயோ சார் ஒப்துலியாவைப் பார்த்தார். இவர் ஏன் தனியாக நிற்கிறார் என்றார். நான் மறியலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். ஒப்துலியா முந்திக்கொண்டாள்.

“தனி ஹைட்ரஜன் சார். ஆனா அது இப்படி நிக்காது. பக்கத்துல எவன் இருந்தாலும் போய்ப் பிடிச்சிக்கும், அதுக்கு வெக்கமே கிடையாது” என்று சொல்லிக்கொண்டே மறுபக்கத்துக் கைப்பிடியை எடுத்து அவர் கையில் திணித்தாள். “நான் ஒரு கட்டி போட்டிருக்கேன். நீங்க என்ன போடறீங்க?”

மனுஷர் திகைத்துப்போனார். ஆனாலும் கைப்பிடியை விடவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். மறு கையால் சட்டைப் பையைத் தடவினார். பேனாவைத் தவிர ஒன்றும் இல்லை. அதை எடுத்துப் பாலாடைக்கட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். இருவரும் முற்றத்தில் நின்றார்கள், ஒப்துலியா அவரைவிட அரைத் தலை உயரம். போதும், மதிப்பெண் எழுத வேண்டும், என் பேனாவைக் கொடுங்கள் என்றார் அரமாயோ சார்.

“யாரு பேனா?” என்றாள் ஒப்துலியா.

“என்னோடது.”

“இல்ல சார், போட்டுட்டீங்க. இப்ப அது உங்களோடது, என்னோடதும். கட்டியும் அப்படித்தான், உங்களோடதும்.”

அவர் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். தினமும் கட்டிப் பெட்டி தூக்குகிற கை அவளுடையது, அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். ஆய்வாளரோடு மல்லுக்கட்டி வகுப்பைக் கெடுக்கிறாளே என்று அவளை மனதுக்குள் திட்டினேன்.

“பிரிக்கலாம் சார், முடியாதுன்னு சொல்லல” என்றாள் அவள். “ஆனா சும்மா வராது. நீங்க பலம் செலவழிக்கணும். எவ்வளவு இறுக்கமாப் பிடிச்சிருக்கோமோ அவ்வளவு செலவு. ரெண்டு கூடையாப் பிடிச்சிருந்தா இன்னும் ஜாஸ்தி. அடுப்புல விறகு வைக்காம எதுவும் பிரியாதுல்ல?”

அரமாயோ சார் இழுப்பதை நிறுத்தினார். வாசற்படியைத் திரும்பிப் பார்த்தார். “இதைச் சொல்லிக் குடுத்தீங்களா?” என்று கேட்டார்.

டீச்சர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். “இல்ல. அது அடுத்த பாடம். இன்னும் எடுக்கல” என்றார்.

அரமாயோ சார் ஒப்துலியா பக்கம் திரும்பினார். பிறகு, சரி, எழுதுவதற்கு என்ன வழி என்று அவளிடமே கேட்டார். சேர்ந்தே போகலாம் வாருங்கள் என்றாள். ஆளுக்கு ஒரு கைப்பிடியோடு இருவரும் வகுப்புக்குள் போனார்கள், கதவில் ஒருமுறை இடித்துக்கொண்டார்கள். கூடை நடுவில் தொங்க, அதிலிருந்து பேனாவை எடுத்து, நின்றவாக்கிலேயே எழுதினார். என்ன எழுதினார் என்று ஒப்துலியாதான் எட்டிப் பார்த்து உரக்கச் சொன்னாள். வகுப்பு தொடர வேண்டும், ஆசிரியர் இங்கேயே இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். எழுதி முடித்ததும் பேனாவைப் பையில் வைக்கப் போனவர், நினைத்துக்கொண்டு மறுபடியும் கூடைக்குள்ளேயே வைத்தார். அப்போதுதான் முதல் தடவையாக அவர் சிரித்தார்.

நான் என்னை மறந்து கை தட்டினேன். இரண்டு கையிலும் கூடை இருந்தது நினைவில்லை. பழம் முற்றம் முழுக்க உருண்டு ஓடியது. இரண்டு ஹைட்ரஜனும் என்னைத் திட்டின.

டீச்சர் வாசற்படியை விட்டு இறங்கி வந்தார். எங்களைக் கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். நான்தான் சொன்னேனே, அவருக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. காலடியில் கிடந்த பீச் ஒன்றை எடுத்து, பாவாடையில் துடைத்து, அடிபட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

“ஆக்சிஜன் கை தட்டாது நின்ஃபா” என்றார். “எல்லாத்தையும் பொறுக்குங்க. அடுத்த சனிக்கிழமை கார்பன். அதுக்கு நாலு கை, எப்படிச் சமாளிக்கப் போறீங்கன்னு யோசிச்சுட்டு வாங்க.”

அடுத்த சனிக்கிழமை என்று அவர் வாயால் சொன்னதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் பார்க்காமல் இருக்க, குனிந்து பழம் பொறுக்கினேன். பக்கத்தில் டீச்சரும் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார், அவரும் நிமிரவில்லை.